டி டிரைவில் ஒன்று, இ டிரைவில் ஒன்று

காது டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஆட்டோவில் வைத்துத்தான் அம்மா கேட்டாள். சானடோரியம் தாண்டி வண்டி நெரிசலில் நின்றிருந்தது. வலது காது போயே போய்விட்டது, இடது காதும் போய்க்கொண்டிருக்கிறது, மெஷின் வைத்தால் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை நான் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"அந்தப் பெட்டில தம்பி ஓதுனது இருக்குன்னு சொல்வியே. இருக்கா இன்னும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி மௌத்தாகி, மண்ணில் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி அம்மா ஒருநாள் ஒருபொழுது வாய் திறந்ததில்லை.

"இருக்கும்மா. பத்திரமா இருக்கு," என்று அவள் இடது காதருகே கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ இந்தக் காது இருக்கும்போதே போட்டுக் காட்டிடு."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டு, வெளியே பார்த்தபடி வந்தாள்.

தம்பி எனக்கு நான்கு வயது இளையவன். படிப்பில் சுமார், குரலில் சூரன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் மீலாது விழாவில் குர்ஆன் ஓத நடக்கும் கிராஅத் போட்டியில் வருஷா வருஷம் அவன்தான் முதல் பரிசு. பரிசாக வந்த எவர்சில்வர் குடத்தில்தான் அம்மா இன்றைக்கும் குடிதண்ணீர் பிடித்து வைக்கிறாள். குர்ஆனில் யாசீன் அத்தியாயத்தை அவன் ஓத ஆரம்பித்தால் அத்தா கடைக்குக் கிளம்பாமல் செருப்போடு வாசலில் நிற்பார். அத்தாவுக்கு மார்க்கெட்டில் பை வியாபாரம். காலை நேரத்தில் ஒரு நிமிஷம் வீணாக்காத மனுஷர், மகன் முடிக்கும்வரை நிற்பார்.

அப்போது நான் ஸ்டேஷன் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஹார்டுவேர் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரு சிஸ்டம் வேண்டும் என்று தம்பி உயிரை எடுத்ததால், இரண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் உதிரி உதிரியாக வாங்கி வந்தோம். செகண்ட் ஹேண்ட் போர்டு, புது ஹார்டு டிஸ்க். டிஸ்க்கைப் பூட்டி, ஆன் செய்ததும் முதலில் எழும் பயாஸ் ஸ்க்ரீனைத் திறந்தால், டிஸ்க்கை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று கேட்டது. நார்மல், எல்பிஏ, லார்ஜ் என்று மூன்று. நான் டீ எடுக்க அடுப்படிக்குப் போன நேரத்தில் இவன் லார்ஜ் என்று கொடுத்து, பார்ட்டிஷன் பிரித்து, விண்டோஸ் போட ஆரம்பித்துவிட்டான்.

"லூசு, எல்பிஏ குடுக்கணும்டா. லார்ஜ் எதுக்கு குடுத்தே?"

"பெருசுன்னா நல்லதுதானேக்கா?"

"மறுபடி முதல்லேந்து பிரிக்கணும். தள்ளு."

"ஓடுது இல்ல? ஓடுறதை ஏன் நோண்டுறே, விடு."

ஓடியது. விட்டுவிட்டேன்.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிளாஸில் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஹார்டு டிஸ்க் தனக்குள் இருக்கும் இடத்தை நீள வரிசையாக எண்ணிக்கொண்டு போகலாம், ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஆனால் அந்தக் காலத்து பயாஸுக்கு அப்படிச் சொன்னால் புரியாது. சிலிண்டர் எத்தனை, ஹெட் எத்தனை, செக்டர் எத்தனை என்று கணக்காகச் சொல்ல வேண்டும். அதற்காக டிஸ்க் ஒரு கணக்கைச் சொல்லும். அதை பயாஸ் தன் வசதிக்கு மாற்றி, சிஸ்டத்திடம் வேறொரு கணக்கைச் சொல்லும். எல்பிஏ என்றால் இருநூற்று ஐம்பத்தைந்து ஹெட் என்று சொல்லும். லார்ஜ் என்றால் எங்கள் போர்டு இருநூற்று நாற்பது என்றது. பொத்தேரியிலிருந்து டிரெயின் பிடித்து வரும் பையன்கள் கண்ணை விரிப்பார்கள். "மிஸ், உள்ளே நெஜமாவே அத்தனை ஹெட் இருக்குமா?" இருக்காது. திறந்து பார்த்தால் இரண்டோ நாலோ இருக்கும். மற்றதெல்லாம் பொய். எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்லும்வரை ஒன்றும் கெட்டுப்போகாது என்பேன். சிரிப்பார்கள்.

சி எங்கே தொடங்குகிறது, டி, இ எல்லாம் எங்கே இருக்கின்றன என்பதற்கு டிஸ்க்கின் முதல் செக்டரில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். பார்ட்டிஷன் டேபிள். மொத்தமே அறுபத்து நான்கு பைட். என் முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதினால்கூட அதில் இடம் போதாது. அது போனால் உள்ளே எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், எது எங்கே என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

தம்பி மூன்றாகப் பிரித்திருந்தான். தாம்பரத்தில் அன்றைக்குக் கம்ப்யூட்டர் இருந்த எந்த வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சி-யில் விண்டோஸ், டி-யில் முக்கியமானவை, இ-யில் டி-யின் காப்பி. ரிப்பேருக்கு வருகிற எல்லா அண்ணன்களும் சாமி சத்தியமாகச் சொல்வது ஒன்றுதான்: "சி மட்டும்தான் ஃபார்மட் பண்ணுவேன், டி-ய தொட மாட்டேன்." அதனால் டி என்றாலே பீரோ லாக்கர் என்று ஊரே நம்பியது. டி-யில் ஒன்று, இ-யில் ஒன்று வைத்துவிட்டால் இரண்டு காப்பி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவோம். இரண்டும் ஒரே தகரப் பெட்டிக்குள் சுழல்கிற ஒரே தட்டுத்தான் என்று கிளாஸில் வாய் கிழியச் சொல்கிற நானே, வீட்டுக்கு வந்தால் அதை நினைத்ததில்லை.

அவன் மைக் ஒன்று வாங்கினான். யாசீனை முழுசாக ஓதிப் பதிந்தான். நபியைப் புகழும் சில பைத் பாடல்களும் பதிந்தான். "அக்கா, ரெண்டு எடத்துல வெச்சுட்டேன். டி-ல ஒண்ணு, இ-ல ஒண்ணு. சிடில அப்புறமா போட்டுக்கலாம்."

அப்புறம் என்று ஒன்று வரவில்லை. பெருங்களத்தூர் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டில், ஒரு மதியம், பைக்கில் போனவனை லாரி இடித்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அம்மா அவனை எழுப்பிக்கொண்டே இருந்தாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

மறுநாள் அம்மா ஒரு போர்வையை எடுத்துக் கம்ப்யூட்டர்மேல் போட்டு மூடினாள். "என் கண்ணுல இது படக்கூடாது." நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் நான் அதைக் கழற்றிப் பரணில் ஏற்றினேன். அத்தா போனார், அந்த வீட்டை விற்றோம், அம்மா என்னோடு மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு வந்தாள். பெட்டியும் வந்து எங்கள் லாஃப்டில் ஏறியது. வெயிலில் வெந்தபடி அங்கேயே கிடந்தது. பத்திரமாக இருக்கிறது என்று நானும் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். மாமி மகன்தான், அதனால் நான் மச்சான் என்றே கூப்பிடுவேன். அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், நல்லது செய்யும்போது சொல்லாமல் செய்வார். ஆட்டோவில் அம்மா கேட்டதை அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த வாரம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில் (இப்போது ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறேன்) அவர் பெட்டியை இறக்கித் துடைத்து, ஆன் செய்து பார்த்திருக்கிறார். திரையில் ஏதோ இங்கிலீஷில் வந்து நின்றிருக்கிறது. உடனே தூக்கிக்கொண்டு கேம்ப் ரோட்டில் ஒரு கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே ஹாலில் பழைய விண்டோஸின் பச்சை நீலத் திரை தெரிந்தது.

"ஓடுது பாரு!" என்றார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு.

அந்தத் திரை புதுசாகப் போட்டது. தம்பி வைத்திருந்த படம் அதில் இல்லை. டி-யைத் திறந்தேன். இந்த டிரைவ் ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யலாமா என்று கேட்டது. இ என்று ஒன்றே இல்லை.

"என்ன மச்சான் பண்ணீங்க? யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் பையைக்கூட வைக்காமல் அவரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என் வயசுதான். பல வருஷமாக இதே தொழிலில் இருக்கிறவர். பதறவே இல்லை.

"இன்னாக்கா, டி-ய நான் கையால தொடல. பூட் ஆவல, எஃப்டிஸ்க் வுட்டுப் பாத்தா பார்ட்டிஷன்லாம் கன்னாபின்னானு கீது. சரி புட்டுக்கினு போச்சுன்னு புச்சா பிரிச்சேன். சி மட்டும்தான் ஃபார்மட் பண்ணேன். டி-ய கிளிக் பண்ணா ஃபார்மட் பண்லாமான்னு கேட்டுச்சு, நோ குட்துட்டேன். அண்ணன் அம்மாவுக்குன்னு சொன்னாரு, அதான் பழைய பாட்டுலாம் ஃப்ரீயா சி-ல ரொப்பிக் குட்து கீறேன்."

மனுஷர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அழ வைத்தது.

நடந்தது இதுதான். இருபது வருஷத்தில் போர்டிலிருந்த சின்ன பேட்டரி செத்துவிட்டது. பயாஸ் பழசையெல்லாம் மறந்துபோய், லார்ஜை விட்டுவிட்டு எல்பிஏ-வுக்குப் போய்விட்டது. டிஸ்க்கில் எழுதியிருந்தது தம்பியின் கணக்கு, பயாஸ் சொன்னது வேறு கணக்கு. இருநூற்று நாற்பதால் எண்ணி வைத்ததை இருநூற்று ஐம்பத்தைந்தால் எண்ணிப் போனால் எந்த வாசலும் அதன் இடத்தில் இருக்காது. பூட் ஆகாததற்கு டிஸ்க் காரணமே இல்லை. பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றியிருந்தால் பெட்டி அப்படியே எழுந்து உட்கார்ந்திருக்கும். தம்பியின் படத்தோடு.

இவர் புதுசாகப் பிரித்தார். புது சி டிஸ்க்கில் மூன்றில் இரண்டு பங்கு. பழைய டி முழுவதும் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. டி-யைத் தொடவில்லை என்று அவர் நம்பிக்கொண்டே, என் தம்பி யாசீன் ஓதிய இடத்தின்மேல் சினிமாப் பாட்டாக அடுக்கித் தந்திருக்கிறார். இலவசமாக.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட் கதவு திறந்து மூடியது. இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்த அம்மாவுக்கு மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை. மச்சான் பால்கனியில் போய் உட்கார்ந்தார். கீழே தண்ணி லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வால்வு திறக்க யாரும் வராததால் மேலே பார்த்துத் திட்டினார். அந்த மாதம் அது மச்சானின் வேலை. அவர் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேஜைமேல் ஒரு கவர் இருந்தது. அந்தக் காலத்து டிஸ்க்கை இந்தக் காலத்து லேப்டாப்பில் மாட்டும் ஒயர். ரிச்சி ஸ்ட்ரீட் முழுவதும் அலைந்து வாங்கியிருக்கிறார். "இது சரியான்னு பாரு" என்று மட்டும் சொன்னார். சரியாக இருந்தது. நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்போதைய சிஸ்டங்கள் பயாஸிடம் ஹெட், சிலிண்டர் என்று எதையும் கேட்பதில்லை. நேராக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் முழு டிஸ்க்கையும் செக்டர் செக்டராக ஒரு பிரதி எடுக்க ஆரம்பித்தேன். பழைய டிஸ்க், சூட்டில் கிடந்தது. கொஞ்ச தூரம் போகும், டிக் டிக்கென்று அடித்துக்கொண்டு நிற்கும். ஆறவிட்டு மறுபடி. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் இதே வேலை. வாரங்கள் ஓடின.

அம்மா தினமும் என் பக்கத்தில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பாள்.

"வந்துட்டானா?"

ஊருக்குப் போனவனைக் கேட்பது மாதிரி. நான் கையால் கொஞ்சம் பொறு என்று காட்டுவேன். "வரட்டும், வரட்டும்" என்று தஸ்பீஹ் மணியை உருட்டுவாள்.

அந்த வாரங்களில்தான் அவள் காது ஒவ்வொரு சத்தமாக விட்டுக்கொண்டே வந்தது. முதலில் குக்கர் விசில் போனது. பிறகு காலிங் பெல். ஒருநாள் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு முடிந்து வெகுநேரம் கழித்து, "இன்னிக்கு ஏன் பாங்கே சொல்லல?" என்று கேட்டாள். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், விசிலடிக்கிறது என்று கழற்றித் தலையணைக்கடியில் போட்டுவிட்டாள். வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து "கேக்குதா? கேக்குதா?" என்று கத்துவார்கள். அம்மாவுக்கு அது அறவே பிடிக்காது. "கேக்கல. ஆளை விடுங்க" என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிடுவாள். கேட்டது போல் தலையாட்டி ஒப்பேற்றுகிற வேலை அவளிடம் கிடையாது. என் பெரிய மாமியிடமே அப்படித்தான் சொன்னாள். மாமி கோபித்துக்கொண்டு பிரியாணிகூடச் சாப்பிடாமல் போனார்.

பிரதி முடிந்தது. தொலைந்த பார்ட்டிஷனைத் தேடுகிற புரோகிராமை ஓடவிட்டேன். பழைய டிஸ்க்கை எண்ண அதற்கு மட்டும் இன்னும் ஹெட் கணக்கு வேண்டும். எல்லோரும் போடுகிற இருநூற்று ஐம்பத்தைந்தைப் போட்டுத் தேடினால், கடைக்காரர் பிரித்த புது சி-யைத் தவிர ஒன்றும் வரவில்லை. பாட்டு ஃபைல்கள் வரிசையாக வந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான், பெருசுன்னா நல்லதுதானேக்கா என்று அவன் கேட்டது ஞாபகம் வந்தது. சோப்புக் கையோடு ஓடிவந்து, ஹெட் என்ற இடத்தில் இருநூற்று நாற்பது என்று அடித்தேன்.

இ வந்தது. அடேயப்பா, அப்படியே வந்தது. அவன் போட்டு வைத்த பெயரோடு, ஃபோல்டர் ஃபோல்டராக. "மச்சான்!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்தார்.

யாசீன் ஃபைல் இருந்தது. திறந்தேன். கரகரவென்று ஒரே இரைச்சல். டிஸ்க் டிக் டிக்கென்று அடித்துக்கொண்ட இடம் அதுதான் போலிருக்கிறது. முன்னே தள்ளிப் பார்த்தேன், பின்னே இழுத்துப் பார்த்தேன். பிஸ்மில்லாஹ்கூட இல்லை. பைத் பாடல்களுக்கும் அதே கதிதான். அல்லாஹ்வே, ஒரு வரியாவது கொடு என்று வாய்விட்டு அழுதேன். மச்சான் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக ஒரு குட்டி ஃபைல் மிஞ்சியிருந்தது. மைக் வாங்கிய அன்று சோதனைக்காகப் பதிந்தது. அதில் ஒரு கீறல் இல்லை.

முதலில் மூச்சுச் சத்தம். பின்னால் அடுப்படியில் அம்மா எதையோ தாளிக்கிற சத்தம். பிறகு அவன். "ஹலோ. ஹலோ. மைக் டெஸ்ட். அக்கா, ஸ்பீக்கரைத் தூக்கிக்கினு அடுப்படிகிட்ட போ. அம்மா! அம்மோவ்! கேக்குதாம்மா?"

அவ்வளவுதான். அம்மா பதில் சொல்வதற்குள் நிறுத்திவிட்டிருக்கிறான்.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு அம்மா வந்து உட்கார்ந்தாள். தலையணைக்கடியிலிருந்து மெஷினைத் தானே எடுத்து, தானே மாட்டிக்கொண்டாள். மச்சான் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தினார். ஸ்பீக்கரை அம்மாவின் இடது காதோடு ஒட்டிப் பிடித்து, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிப் போட்டேன். வீடு முழுவதும் அவன் குரல். இருபது வருஷத்துக்குப் பிறகு என் தம்பி எங்கள் ஹாலில் நின்று அம்மோவ் என்று கூப்பிட்டான்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி போட்டேன். மறுபடியும். அவள் மெஷினைக் கழற்றித் தட்டிப் பார்த்தாள். மாட்டினாள். ஸ்பீக்கரை என் கையிலிருந்து வாங்கி, இந்தக் காதில் வைத்துப் பார்த்தாள், அந்தக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"என்னடி சொல்றான்?"

அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். உதடு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னேன்.

"கேக்குதாம்மான்னு கேக்குறான்."

அம்மா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டாள். ஸ்பீக்கரை மடியில் வைத்து, அதன்மேல் கையை வைத்தாள்.

"கேக்குதுன்னு சொல்லு. நல்லா கேக்குதுன்னு சொல்லுடி அவன்கிட்ட."